கடலுக்கு அடியில் ஒரு கணக்கு

அந்தமானில் முக்குளிக்கப் போகிறவர் தன் உயிரைப் பற்றி மட்டும் கணக்குப் போடுகிறார். 2020ல் வந்த கொள்ளைநோய் அந்தக் கணக்கில் தீவையும் சேர்த்துவிட்டது.

ஹாவ்லாக் தீவில் ஸ்கூபா படகில் ஏறுவதற்கு முன் ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். ஆஸ்துமா உண்டா, இதயக் கோளாறு உண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். சில கேள்விகளுக்கு 'ஆம்' என்று எழுதிவிட்டால் டாக்டரின் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்கமாட்டார்கள். விமான டிக்கெட், கப்பல் டிக்கெட், ஓட்டலுக்கு முன்பணம் என்று ஏற்கெனவே செலவழித்துவிட்டு வந்து நிற்பவர் என்ன எழுதுவார்? மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் 'இல்லை, இல்லை, இல்லை'. இந்தக் கடலில் சுறாவைவிட ஆபத்தானது திரும்பக் கிடைக்காத முன்பணம்தான்.

ஹாவ்லாக்கின் பெயர் 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு என்று மாறியது. போர்ட் பிளேர் 2024ல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பேச்சு வழக்கில் பழைய பெயர்கள் இன்னும் போகவில்லை. இந்தக் கட்டுரையிலும் அவையே இருக்கட்டும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கப்பலில் போனால் சுமார் 1,200 கி.மீ., மூன்று நாள். போர்ட் பிளேரிலிருந்து ஹாவ்லாக் 40 கி.மீ. சொச்சம். தனியார் விரைவுப் படகில் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் அதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். இருட்டிய பிறகு எதுவும் கிடையாது. இந்தக் கடைசி விவரத்தை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

தீவு அழகானது, சந்தேகமே வேண்டாம். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பட்டார்கள். ஆகவே ஊர்ப் பெயர்களெல்லாம் கோவிந்த நகர், ராதா நகர், விஜய நகர், கிருஷ்ண நகர் என்று பிருந்தாவனத்தை ஞாபகப்படுத்துகின்றன. கடற்கரைகளுக்கோ வெறும் எண்கள். 3ஆம் எண், 5ஆம் எண், 7ஆம் எண். 7ஆம் எண் கரையில் சூரியன் மறைவதைப் பார்க்கக் கூட்டம் சேர்கிறது. முக்குளிக்க வருகிறவர்கள் தங்குவது எதிர்ப்பக்கம், கிழக்குக் கரையில். பாக்கு மரங்களுக்கு நடுவே மூங்கில் குடில்கள். காலை ஆறரை மணிக்கே சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் படகுத்துறைக்குப் போகிறார்கள்.

முதல் தடவை முங்குகிறவரை கரையோரத்திலேயே 'நீமோ ரீஃப்' என்ற இடத்தில் இறக்குகிறார்கள். ஒரு பயிற்சியாளர் முதுகுச் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டே வருவார். 12 மீட்டருக்குக் கீழே போக அனுமதியில்லை. பெரும்பாலும் அதில் பாதி ஆழம்கூடப் போவதில்லை. ஆனாலும் கடல் அனிச்சங்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் எட்டிப் பார்க்கும்போது, நீச்சல் தெரியாத ஆடிட்டர்கூடக் கொஞ்ச நேரம் குழந்தையாகிவிடுகிறார். தேர்ந்தவர்களுக்கு 'ஜானிஸ் கார்ஜ்', 'டிக்ஸன்ஸ் பின்னக்கிள்' என்று தொலைவில் ஆழமான பாறைகள் இருக்கின்றன. அங்கே சீலா மீன்கள் கூட்டமாக நின்று வெள்ளித் தகடுபோல் திரும்பும். மேலே இருக்கிற உலகம் மறந்துபோகும்.

மறக்கக் கூடாத விஷயமும் அங்கேதான் இருக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. சிலிண்டரிலிருந்து வரும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் நுரையீரலுக்குள் போகிறது. 10 மீட்டரில் மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் சடாரென்று மேலே வந்தால், நுரையீரலில் இருக்கிற காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். விரிய இடமில்லாவிட்டால் நுரையீரல் கிழியும். இதற்கு 10 மீட்டர்கூட வேண்டாம், ஆள் உயரத் தண்ணீரே போதும். ஆகவேதான் பயிற்சியில் முதல் பாடம்: மூச்சை அடக்காதே.

இரண்டாவது ஆபத்து நைட்ரஜன். ஆழத்தில் ரத்தத்திலும் திசுக்களிலும் கரையும் இந்த வாயு, மெதுவாக மேலே வந்தால் சத்தமில்லாமல் வெளியேறிவிடும். வேகமாக வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழிகள். மூட்டுவலியிலிருந்து பக்கவாதம் வரை எதுவும் நேரலாம். முதலுதவி, சுத்தமான ஆக்ஸிஜன். சிகிச்சை, அழுத்த அறை. நோயாளியை ஓர் இரும்பு அறைக்குள் வைத்து, 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்துக்குக் கொண்டுபோய், ஆக்ஸிஜன் கொடுத்தபடியே படிப்படியாக இறக்குவார்கள். வழக்கமான சிகிச்சை முறைக்கு நாலே முக்கால் மணி நேரமாகும். உதவியாளர் ஒருவரும் கூடவே உள்ளே அடைபட்டிருப்பார். ஹாவ்லாக்கில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அழுத்த அறை போர்ட் பிளேரில், கடற்படையிடம். நடுவே 40 கி.மீ. கடல்.

விபத்து அரிதுதான். ஒழுங்காக நடத்தப்படும் முக்குளிப்பைப் பற்றி அநாவசியமாகப் பயமுறுத்த இந்தக் கட்டுரைக்கு ஆசையில்லை. ஆனால் இந்த விளையாட்டின் பாதுகாப்பு முழுவதும் ஒரு சங்கிலியில் தொங்குகிறது. படகில் ஆக்ஸிஜன், கரையில் டாக்டர், துறையில் கப்பல், போர்ட் பிளேரில் அழுத்த அறை, அதை இயக்க ஆட்கள். சாதாரண நாட்களில் யாரும் இதைப் பற்றி யோசிப்பதில்லை. கோவிட் வந்தபோது ஒவ்வொரு கண்ணியாக ஆட்டம் கண்டது.

2020 மார்ச் 26ல் அந்தமானில் முதல் தொற்று உறுதியானது. அதற்கு முந்தைய தினம்தான் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியிருந்தது. உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறக்க மே 25 வரை ஆயிற்று. படகுகள் கரையேறின. பெருநகரங்களிலிருந்து வந்து தங்கியிருந்த பயிற்சியாளர்களில் பலர் ஊர் திரும்பினார்கள்.

அந்த ஏப்ரலில் ஐரோப்பாவிலிருந்து வந்த செய்தி முக்குளிப்போரைத் திடுக்கிட வைத்தது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஃபிராங்க் ஹார்டிக் என்ற மருத்துவர், கோவிட் வந்து வீட்டிலேயே இருந்து குணமான 6 முக்குளிப்போரைப் பரிசோதித்தார். மருத்துவமனையில் சேராமலே தேறியவர்கள். பார்வைக்கு ஆரோக்கியமானவர்கள். ஆனால் ஸ்கேனில் நுரையீரல் மாற்றங்கள் தெரிந்தன. அதே மாதம் பெல்ஜியத்தின் முக்குளிப்பு மருத்துவச் சங்கம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. தொற்று இருந்து அறிகுறியே இல்லாதவர்கள் ஒரு மாதம், அறிகுறி இருந்தவர்கள் குறைந்தது இரண்டு மாதம், முடிந்தால் மூன்று மாதம், தண்ணீருக்குள் இறங்க வேண்டாம் என்றது. மருத்துவமனையில் சேர்ந்து தேறியவர்களுக்கு மூன்று மாதத்துக்குப் பிறகும் நுரையீரல் பரிசோதனை அவசியம். காரணம் எளிமையானது. தழும்பேறிய நுரையீரலின் ஏதாவது ஒரு மூலையில் காற்று மாட்டிக்கொண்டால், மூச்சை அடக்காமல் மேலே வந்தாலும் அந்த மூலை கிழியலாம்.

6 பேரை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாது. பிற்பாடு வந்த வழிகாட்டுதல்கள் காத்திருக்கும் காலத்தை வெகுவாகக் குறைத்துவிட்டன. ஆனால் 2020ல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாத நிலையில் மூன்று மாதம் பொறுத்திருக்கச் சொன்னது நியாயமான புத்தி.

மற்ற விஷயங்கள் சில்லறை. வாயில் கவ்வும் ரெகுலேட்டரை முந்தைய நபர் கவ்வியிருப்பார். கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க அதில் எச்சில் துப்பித் துடைப்பது உலகெங்கும் முக்குளிப்போரின் பழக்கம். கொள்ளைநோய் காலத்தில் இதைவிடப் பொருத்தமில்லாத பழக்கத்தை யோசிப்பது கடினம். எல்லாருடைய சாமான்களையும் ஒரே தொட்டியில் அலசுவார்கள். சோப்பு, கிருமிநாசினி, தனித்தனித் தொட்டி என்று இவற்றையெல்லாம் சீக்கிரமே சரிசெய்துவிட்டார்கள். படகில் ஒரு மாஸ்க், தண்ணீரில் வேறொரு மாஸ்க் என்று நாட்கள் ஓடின. பயணிகள் 'பாதுகாப்பானதா?' என்று கேட்டபோது அவர்கள் மனதில் இருந்தது பெரும்பாலும் இந்த ரெகுலேட்டர்தான். தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரியான இடம் எது என்பது 2021 ஏப்ரலில் தெரிந்தது. அந்த மாதக் கடைசியில் நாட்டின் தினசரித் தொற்று 4 லட்சத்தைத் தாண்டியது. ஆக்ஸிஜனுக்கு ஜனங்கள் தெருத்தெருவாக அலைந்தார்கள். ஏப்ரல் 22 முதல், சில துறைகள் நீங்கலாக, தொழிற்சாலைகளுக்கு ஆக்ஸிஜன் கொடுப்பதை அரசு நிறுத்தியது. அந்த வாரத்தில் ஒருவர் ஹாவ்லாக்கில் நைட்ரஜன் குமிழியுடன் மேலே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். படகில் இருக்கும் ஆக்ஸிஜன் தீர்ந்த பிறகு அவருக்கு வேண்டிய அடுத்த சிலிண்டர் யாருடையது? மூடிய இரும்பு அறையில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், அவருக்குத் தொற்று உண்டா இல்லையா என்று தெரியாமலே, கூட உட்கார்ந்திருக்கப்போவது யார்? காப்பீடு சிகிச்சைச் செலவைத் திருப்பித் தரும். இல்லாத படுக்கையை உண்டாக்கித் தராது.

தீவுகளின் நிலைமையோ இன்னும் மென்மையானது. 2020 ஆகஸ்டில் கிரேட் அந்தமானியப் பழங்குடியினரில் 10 பேருக்குத் தொற்று வந்தது. மொத்த இனமே 50 பேர் சொச்சம். 1877ல் வெளியிலிருந்து வந்த தட்டம்மை இவர்களுடைய முன்னோர்களைக் கொத்துக்கொத்தாக அழித்திருக்கிறது. இவர்களுக்குத் தொற்றைக் கொடுத்தது சுற்றுலாப் பயணி என்று சொல்ல ஆதாரமில்லை. போர்ட் பிளேருக்கு வந்துபோகிறவர்கள் இவர்களிலும் உண்டு. ஆனால் அந்தமானில் எந்தப் பயணமும் எங்கே போய் முடியும் என்று பயணம் செய்பவரால் சொல்ல முடியாது.

மேற்கே லட்சத்தீவின் கதை இன்னும் தெளிவானது. கட்மத், பங்காரம், அகத்தி என்று அங்கேயும் அருமையான முக்குளிப்பு இடங்கள். 2020 முழுவதும் லட்சத்தீவில் ஒரே ஒரு தொற்றுகூட இல்லை. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் யூனியன் பிரதேசமும் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. வருகிறவர்களைக் கொச்சியிலேயே தனிமைப்படுத்தி, பரிசோதித்துவிட்டுத்தான் கப்பலேற்றினார்கள். 2020 டிசம்பரில் இந்த விதி தளர்ந்தது. தனிமைப்படுத்தல் போய், தொற்றில்லை என்ற சான்றிதழ் இருந்தால் போதும் என்றாயிற்று. 2021 ஜனவரி 18ல் முதல் தொற்று. கொச்சியிலிருந்து கப்பலில் கவரத்தி வந்த ஒருவர். 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர் வாழும் தீவுக்கூட்டத்தில் பிற்பாடு 11,000க்கும் அதிகமானோருக்குத் தொற்று வந்தது. 52 பேர் இறந்தார்கள். கவலைக்கிடமான நோயாளியை ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டுபோக வேண்டிய இடம் அது.

அப்படியானால் தீவுகளைப் பூட்டியே வைத்திருக்க வேண்டுமா? இதற்கு ஆமாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஹாவ்லாக்கில் படகோட்டி, சமையல்காரர், சிலிண்டர் நிரப்புகிறவர், ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறவர் எல்லாரும் பயணியை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். பருவம் அக்டோபரிலிருந்து மே வரை. ஒரு பருவம் போனால் வருஷமே போயிற்று. மாலத்தீவு வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 2020 ஜூலை 15லேயே தனிமைப்படுத்தல் இல்லாமல் கதவைத் திறந்தது. அந்த வருஷம் அங்கே அதிகமாகப் போனவர்கள் இந்தியர்கள். மும்பை நட்சத்திரங்களின் நீச்சலுடைப் படங்கள் பத்திரிகைகளை நிறைத்தன. 2021 மே மாதத்தில் அதே மாலத்தீவு தெற்காசியப் பயணிகளுக்குக் கதவை மூடி, ஜூலையில்தான் திறந்தது. ஆனால் ஒரு ஓட்டலுக்கு ஒரு தீவு என்று பிரித்து வைக்க மாலத்தீவால் முடியும். ஹாவ்லாக்கில் பயணியும் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒரே கடைத்தெருவில்தான் நடக்கிறார்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு நியாயமான காலம் உண்டு என்று தோன்றுகிறது. 2021 டிசம்பரில், தகுதியுள்ள அனைவருக்கும் இரண்டு தவணைத் தடுப்பூசியும் போட்டு முடித்துவிட்டதாக அந்தமான் நிர்வாகம் அறிவித்தது. கடலையும் காட்டையும் தாண்டி ஊசியைச் சுமந்து சென்ற ஊழியர்களுக்கு இதற்காக எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அதற்குப் பிறகு போனவரையும் அதே வருஷம் ஏப்ரலில் போனவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கோவிட் அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ல் சொல்லிவிட்டது. இப்போது ஹாவ்லாக்கில் கூட்டம் நிரம்பி வழிகிறது. ஆனால் இன்னொரு கொள்ளைநோய் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

வந்தால், டிக்கெட் வாங்குவதற்கு முன் இரண்டு தொலைபேசி அழைப்புகள் செய்யலாம். முக்குளிப்பு நிறுவனத்திடம் கேட்க வேண்டியது: அழுத்த அறை இந்த வாரம் முக்குளிப்போரை எடுத்துக்கொள்கிறதா, படகில் ஆக்ஸிஜன் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது, சளி பிடித்தால் தேதியைக் காசு கழிக்காமல் மாற்றித் தருவீர்களா. மூன்றாவதுக்கு 'மாட்டோம்' என்றால் வேறு நிறுவனம் பார்ப்பது நல்லது. போர்ட் பிளேர் மருத்துவமனையில் விசாரிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: படுக்கை காலியாக இருக்கிறதா. அரை மணி நேரம் முங்கி ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிற மூன்று நாள் ஓட்டத்தைக் கொள்ளைநோய் காலத்தில் ஒத்திப்போடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. போய்த்தான் தீரவேண்டும் என்கிறவர், இரண்டு வாரம் தங்கும்படி ஒரே தடவை போவது மேல். முதல் சில நாட்கள் கரையிலேயே இருந்து உடம்பைக் கவனித்துக்கொள்ளலாம். கடைசியாக முங்கிய பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது எந்தக் காலத்துக்கும் உள்ள விதி. ஹாவ்லாக்கில் மதியம் முங்கிவிட்டு மறுநாள் விடிகாலை போர்ட் பிளேரில் விமானத்தைப் பிடிக்க நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.