ப்ராக்ஸி மேல் பழி போடாதீர்கள்

கல்லூரியில் ப்ராக்ஸி என்றால் தெரியாதவர் யார்? வகுப்புக்கு வராத நண்பனுக்காக "ப்ரெசண்ட் சார்" சொல்பவன். மாட்டினால் திட்டு வாங்குவது இவன்தான். வராதவன் டீக்கடையில் இருப்பான். ப்ராக்ஸி சர்வரின் நிலைமையும் இதேதான்...

தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள். ஒரு கல்லூரியின் தளத்தில் '504 கேட்வே டைம்-அவுட்'. "பணம் போச்சா? மறுபடி கட்டலாமா?" என்று, தளத்தைக் கவனித்துக்கொண்டிருந்த இறுதியாண்டு மாணவனை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நிற்பது என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி. பின்னால் வேறொரு கணினியில் கட்டணம் வாங்கும் மென்பொருள்.

பலரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை 60 விநாடியிலிருந்து 300 ஆக்கினான். பிழை அப்போதும் 60 விநாடியிலேயே வந்தது! பிறகுதான் எர்ரர் லாகைத் திறந்தான். '110: கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்று வரி வரியாக இருந்தது. விஷயம் அந்த எண்ணில் மட்டும் இல்லை, அதற்குப் பின்னால் வரும் சொற்களில் இருக்கிறது.

'வைல் கனெக்டிங் டு அப்ஸ்ட்ரீம்' என்றிருந்தால், பின்னால் உள்ள கணினியோடு தொடர்பே கிடைக்கவில்லை. அது அணைந்திருக்கலாம். ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம். கோரிக்கை போய்ச் சேரவே இல்லை.

'வைல் ரீடிங் ரெஸ்பான்ஸ் ஹெடர்' என்றிருந்தால் கதை வேறு. கோரிக்கை போய்விட்டது, பதில்தான் வரவில்லை. டேட்டாபேஸ் திணறிக்கொண்டிருக்கலாம். இங்கே பணம் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. சரிபார்க்காமல் மறுபடி கட்டினால் இரண்டு முறை கட்டியதாகிவிடும்.

110-க்குப் பதில் 111 என்றிருந்தால், கணினி விழித்திருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் மென்பொருள் ஓடவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். காத்திருக்க வைக்காமல் உடனே மறுப்பு வரும். பார்ப்பவருக்குத் தெரிவது 502.

அவனுடைய லாகில் இருந்தது முதல் வகை. பின்னால் உள்ள கணினியைப் பார்த்துக்கொள்பவர், "இங்கே நல்லாத்தானே ஓடுது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கணினிக்குள்ளிருந்தே சோதித்தால் வெளி வழி அடைபட்டிருப்பது எப்படித் தெரியும்? ப்ராக்ஸி இருக்கும் கணினியிலிருந்து அதே போர்ட்டுக்கு டெல்நெட் அடித்தபோது 'ட்ரையிங்' என்று அப்படியே நின்றுவிட்டது. அன்று காலை யாரோ இறுக்கிய ஃபயர்வால் விதியில் ப்ராக்ஸியின் ஐ.பி. முகவரி விடுபட்டிருந்தது. சேர்த்ததும் சரியானது.

வெளியே நின்றவர்களிடம் அவன் தைரியமாகச் சொன்னான்: "இந்தப் பிழை வந்தவங்க யாருக்கும் பணம் போகலை, மறுபடி கட்டலாம்."

ஆக்சஸ் லாகில் 499 என்ற எண்ணும் நிறைய இருந்தது. பதில் வரும்வரை பொறுக்காமல் பக்கத்தை மூடிவிட்டுப் போனவர்கள் அவர்கள். அவர்களில் எத்தனை பேர் அன்று மறுபடி வந்தார்களோ...