சிவகிரியில் நிற்கும் பஸ்ஸின் ‘புஸ்’ சத்தம் எங்கே பிறந்தது?

தென்காசியிலிருந்து ராஜபாளையம் பஸ்ஸில் இடப்பக்க ஜன்னல் சீட் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர் தாண்டி சிவகிரி வரை மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். பழைய ஜமீன் ஊர், குன்றின் மேல் முருகன் கோயில், மலையடிவார வயல்கள். கார் உதிரிபாகத்துக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம்.

சம்பந்தம் ரோட்டில்தான் ஓடுகிறது. இதே சாலையில் கேரளா போகும் லாரிகள் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறி இறங்கியாக வேண்டும். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் என்னாகும் என்பதை டிரைவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பஸ் நிற்கும்போது கேட்கும் ‘புஸ்’ சத்தம், ஏர் பிரேக்கிலிருந்து வெளியேறும் காற்று. நாம் பயப்படும் ‘காற்றுப் போச்சு’ என்ற நிலைக்கும் இன்றைய கனரக வாகனங்களில் ஏற்பாடு உண்டு. அழுத்தம் குறைந்தால், காற்று அடக்கி வைத்திருந்த ஸ்பிரிங் விடுபட்டு, தானே பிரேக்கைப் பிடித்துவிடும்.

இந்தத் தொழில்நுட்பத்தை நம் ஊரில் வேரூன்ற வைத்ததில் நெல்லைச் சீமைக்குப் பங்கு இருக்கிறது. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொடங்கியதுதான் டி.வி.எஸ். குழுமம். அதன் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் 1962-ல் பிரிட்டனின் கிளேட்டன் டிவாண்ட்ரேயோடு கைகோத்து உருவானது; சென்னை பாடியில் பிரேக் தயாரித்தது.

வரைபடத்தை வாங்கி அப்படியே செய்வது ஒன்று. ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று புரிந்துகொள்வது வேறு. இரண்டாவதற்கு ஜப்பான்தான் வாத்தியார். வேடிக்கை என்னவென்றால், ஜப்பானுக்கே தரக்கட்டுப்பாட்டுப் பாடம் எடுத்தவர் டெமிங் என்ற அமெரிக்கர். அவர் பெயரில் ஜப்பான் 1951 முதல் தரும் விருதை 1998-ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு வென்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அது முதல் டெமிங் விருது.

ரேடியேட்டர் மூடியின் கதையும் சுவாரஸ்யம். ஒரு சாதாரண மூடிதானே என்பீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வால்வு அழுத்தத்தைக் கட்டிக் காக்கிறது. வெளிக்காற்றைப் போல இரண்டு மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் 100-க்குப் பதில் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். மலையேற்றத்தில் இன்ஜின் தப்பிப்பது இதனால்தான். (சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது என்பதும் இதனால்தான்!) 1990-களின் தொடக்கத்தில், பிரிட்டனில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு இந்த மூடியைத் தயாரித்த இயந்திரங்களை வாங்கி இங்கே கொண்டுவந்தது அதே குழுமத்தின் சுந்தரம் ஃபாஸனர்ஸ். பிறகு அமெரிக்க கம்பெனிக்கே மூடி இங்கிருந்து போனது.

கதை அதோடு முடியவில்லை. பாடியின் பிரேக் தொழில் 2009-ல் வாப்கோ கைக்கும், 2020-ல் ஜெர்மனியின் இசட்.எஃப். கைக்கும் போனது. கற்றுக்கொண்ட கைகள் இங்கே, முதலாளி வெளியே.

சிவகிரிக்கு ரயில் கிடையாது. டிப்ளமோ முடித்த பிள்ளைகள் சென்னை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அல்லது சங்கரன்கோவில் போய் பொதிகை எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். பாடியிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலைக்குச் சேரும்போது சம்பளத்தோடு இன்னொன்றையும் கேட்டுப் பார்க்கலாம்: உதிரிபாகத்தை இங்கே வடிவமைக்கிறார்களா, வந்த வரைபடத்தை வைத்துச் செய்கிறார்களா?