புள்ளியும் தூசும்

ஒரு மாதமாகப் பழைய சிறுபத்திரிகைகளை ஸ்கானரில் வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். வீடு திருவண்ணாமலையில், பேய்க் கோபுரத்துக்குப் பக்கம். ஜன்னலைத் திறந்தால் மலை. பௌர்ணமியன்று மூடினாலும் காலடிச் சத்தம்.

எளிய வேலை என்றுதான் நினைத்தேன். ஆனால் யந்திரம் முதலில் கேள்வி கேட்கிறது. அங்குலத்துக்கு 300 பிக்ஸலா, 600-ஆ? வண்ணமா, சாம்பலா, வெறும் கறுப்பு வெள்ளையா? தூசைத் துடைக்கட்டுமா?

கடைசிக் கேள்விக்கு யோசிக்காமல் சம்மதித்தேன். நாற்பது வருஷத் தூசு. பக்கம் பளிச்சென்று வந்தது. வாசித்தபோதுதான் தெரிந்தது, தூசோடு மெய்யெழுத்துகளின் புள்ளிகளும் பல இடங்களில் போயிருந்தன. பத்துப் பாயிண்டு எழுத்தில் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்கூட இராது. 300-ல் அது ஐந்தாறு பிக்ஸல். தேய்ந்த அச்சில் அதுவும் இல்லை. சுற்றிலும் வெண்மை, நடுவே தனியாகச் சிறு கறுப்பு. யந்திரத்துக்குத் தூசின் இலக்கணம் அதுதான்; தொல்காப்பியம் அதற்குத் தெரியாது. ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி இராது. 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சா. அர்த்தம் கண்டு புள்ளி வைக்க வேண்டியிருந்தது. நான் வைத்த புள்ளிகளை அழித்துக்கொண்டிருந்தேன்.

துடைப்பதை நிறுத்தினேன். கறுப்பு வெள்ளையில் இன்னொரு சிக்கல். எவ்வளவு இருண்டால் கறுப்பு என்பதற்கு ஜப்பானியர் நொபுயுகி ஒட்ஸு 1979-ல் ஒரு முறை சொன்னார்: பக்கத்தின் நிறங்களை இருண்டவை, வெளிறியவை என இரு கூட்டமாக்கி நடுவே கோடு கிழிப்பது. நல்ல முறைதான். ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்ததெல்லாம் கறுப்பு. மசியா, அழுக்கா என்று அப்புறம் கேட்க முடியாது.

எனக்குக் கேட்க வேண்டி வந்தது. இந்த ஊர் நண்பர் ஒருவர், இப்போது இல்லை, எழுபதுகளின் கடைசியில் எழுதிய கவிதை. 'உண்டு என் மலை' என்று முடியும். அந்த 'என்'னை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன்: கூட்டம் சுற்றும் மலையைத் தனியொருவன் தனக்கென்று கோரும் குரல் என்று. பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பினேன். எல்லாரும் அப்படியே படித்தார்கள்.

இப்போது 600-ல், வண்ணத்தில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்றப் புள்ளிகள் கறுப்பு. இந்த 'ன'வின் தலைமேல் இருப்பது பழுப்பு. மட்டக் காகிதத்தில் கூழாகாமல் தங்கிவிட்ட சக்கைத் துணுக்கு. மசி அதில் படவேயில்லை. 'உண்டு என மலை' என்றுதான் முடிகிறது. மலை சொல்கிறது, அவர் கேட்கிறார். கோருபவர் யாரும் அங்கே இல்லை.

கட்டுரையை அவரிடம் வாசித்துக் காட்டியபோது சிரித்தார். ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இனி எல்லாம் 600, வண்ணம். கோப்புகள் பெருத்துப்போகின்றன, இரண்டாவது டிஸ்க் வாங்கியாயிற்று. தட்டச்சில் வேறொன்று போகிறது: 1978 அரசாணைக்குப் பிறகும் அந்தச் சின்ன அச்சகம் விடாமல் வைத்திருந்த, தும்பிக்கை தூக்கிய பழைய 'லை'. யூனிகோடில் பழையதற்கும் புதியதற்கும் ஒரே குறியீடுதான். அதனால் படத்தையும் எழுத்தையும் சேர்த்தே வைக்கிறேன். எழுத்தில் 'என' என்று அடித்தேன். துணுக்கு படத்தில் அப்படியே இருக்கிறது. யாராவது என்னைத் திருத்த வேண்டி வரலாம்.