பொதுக் கிணறும் நமது வாளியும்

பகிர்ந்து வாழ்தலைப் பற்றி மறையுரை ஆற்றுவது எளிது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நாம் அதனைச் செய்து வருகிறோம். ஒரே கூரையின்கீழ் எண்மர் ஒரே ஒரு வைஃபை இணைப்பைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தபோதுதான், அம்மறையுரைகளில் எவ்வளவு நமது உள்ளத்தில் இறங்கியிருந்தது என்பது தெரியவந்தது. சிறிய செய்திதான். ஆயினும் நம்மை நாணச் செய்த செய்தி என்பதால் அதனை இங்கே எழுதத் துணிகிறோம்.

நமது பங்கு இல்லம் தூத்துக்குடிக் கடற்கரைப் பகுதியில் உள்ளது. பழைய கட்டடம். முற்காலத்தில் இப்பகுதியில் வழக்கமாயிருந்தபடி, கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பட்ட சுவர்கள். இரண்டடிக்குக் குறையாத கனம். வெயிலை உள்ளே விடாத அச்சுவர்கள் வைஃபை அலையையும் எளிதில் விடுவதில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம். 2022 ஆம் ஆண்டில் நாம், உதவிப் பங்குத்தந்தை, திருத்தொண்டர் ஒருவர், பணி ஓய்வு பெற்ற முதிய குரு ஒருவர், கல்லூரியில் பயிலும் மாணவர் மூவர், சமையல் பொறுப்பில் இருந்த அம்மையார் என எண்மர் அவ்வில்லத்தில் வாழ்ந்து வந்தோம். தொலைபேசிக் கம்பி வழியே வந்த பழைய இணைய இணைப்பு ஒன்று இருந்தது. அதன் ரூட்டர் நமது அறையில், இரும்புப் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. ஏன் அங்கே என்று எவரும் கேட்டதில்லை. பங்குத்தந்தையின் அறை என்பதால் அங்கே வைத்தார்கள், அவ்வளவே.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் முதல் மாலைவேளைகளில் இணைப்பு தடுமாறத் தொடங்கிற்று. ஏழு மணிவரை ஒழுங்காக இருக்கும். அதன்பின் படம் அசையாது நிற்கும். பேசுபவரின் குரல் பாதியில் அறுந்து போகும். திருத்தொண்டர் தம் மறையுரைக்குத் தேடிய பக்கம் திறக்கவே திறக்காது. இரவு பத்தரை மணிக்குமேல் மீண்டும் சீராகிவிடும். உணவறையில் நாள்தோறும் இதே பேச்சு. எண்மர் வாழும் இல்லத்தில் குறை ஒன்று தோன்றினால், காரணத்தைத் தேடுமுன் ஆளைத் தேடுவது மனித இயல்பு. நாமும் அதனையே செய்தோம்.

நமது ஐயம் மாணவர் மூவர் மீது விழுந்தது. அவர்களிலும் குறிப்பாக ஒருவன் மீது. உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன்; பொறியியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தான். இரவு பதினொரு மணிக்கு நாம் வராந்தாவில் நடக்கையில் அவன் அறையில் மட்டும் விளக்கு எரியும். கதவின் இடுக்கு வழியே, காதில் கருவியை மாட்டிக்கொண்டு கணினித் திரையை நோக்கி அவன் அமர்ந்திருப்பது தெரியும். திரைப்படம் பார்க்கிறான் என்று நாம் முடிவு செய்தோம். அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் உணவறையில் அனைவர் முன்னிலையிலும், பொதுப் பொருளைத் தனிப்பொருளாக்கிக் கொள்வோரைப் பற்றி நாம் சற்றுக் கடுமையாகவே பேசினோம். பெயர் சொல்லவில்லை. ஆனால் யாரைச் சொல்கிறோம் என்பது அனைவருக்கும் தெரியும்படி பேசினோம். மறுநாள் கடவுச்சொல்லை மாற்றி, குருக்களுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டும் கொடுத்தோம். மாணவர்கள் மறுத்து ஒரு சொல்லும் கூறவில்லை. அந்த மௌனத்தை நாம் குற்றத்தின் ஒப்புதலாக எடுத்துக்கொண்டோம்.

கடவுச்சொல் மாறிய பின்னும் மாலைத் தடுமாற்றம் நீங்கவில்லை. அப்போதாவது நமக்கு ஐயம் எழுந்திருக்க வேண்டும். நாமோ இணைப்பு தரும் நிறுவனத்தின் மீது பழியைப் போட்டு, இருமுறை முறையீடும் செய்தோம்.

நவம்பர் மாதத்தில் குருக்களுக்கான ஆண்டுத் தியானத்திற்காக ஆறு நாட்கள் வெளியூர் சென்றோம். திரும்பி வந்த அன்று இரவு உணவின்போது திருத்தொண்டர் கள்ளமற்ற மகிழ்ச்சியோடு சொன்னார்: "சாமி, இந்த வாரம் முழுவதும் நெட் அருமையாக இருந்தது. ஒரு நாள்கூட நிற்கவில்லை." உதவிப் பங்குத்தந்தை தலையைக் குனிந்துகொண்டார். அவர் முன்பே ஊகித்திருந்தார் போலும். நாம் மட்டுமே அந்த வாரம் இல்லத்தில் இல்லை. நம்மோடு நமது மடிக்கணினியும் இல்லை.

என்ன நடந்தது என்பதை அவரே பின்னர் விளக்கினார். அவ்வாண்டு நாம் நமது பங்கின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைப் படமெடுத்துச் சேமிக்கும் பணியை மேற்கொண்டிருந்தோம். கடற்காற்றின் உப்பும் கரையானும் தின்று தீர்க்குமுன் அவற்றைக் காக்க வேண்டும் என்பது நமது எண்ணம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 பக்கங்கள். பக்கம் ஒன்றுக்கு 5 மெகாபைட் அளவுள்ள படம். மாலைச் செபமாலை முடிந்ததும் ஏழு மணிக்கு மடிக்கணினியைத் திறந்து வைத்தால், படங்கள் தாமாகவே இணையக் கிடங்குக்கு ஏறிக்கொண்டிருக்கும். நல்ல பணிதான். அதனால் பிறருக்கு இடையூறு வரும் என்று நாம் கனவிலும் கருதவில்லை.

தொலைபேசிக் கம்பி வழி வரும் இணைப்பை ஏ.டி.எஸ்.எல். என்பர். அப்பெயரின் முதல் எழுத்தே சமமின்மையைக் குறிப்பது. உள்ளே வரும் பாதை அகலமானது. வெளியே செல்லும் பாதையோ ஒற்றையடிப் பாதை. நமது இணைப்பில் வெளியே செல்லும் வேகம் வினாடிக்கு அரை மெகாபிட் மட்டுமே. 150 படங்கள் சேர்ந்தால் 750 மெகாபைட், அதாவது 6000 மெகாபிட். அவை அந்த ஒற்றையடிப் பாதையைக் கடக்க 12,000 வினாடிகள், அதாவது மூன்று மணி இருபது நிமிடம் ஆகும். ஏழு மணிக்குத் தொடங்கினால் பத்து இருபதுக்கு முடியும். பாடத்தைப் படிப்பவனும் செய்தியைத் தேடுபவனும், வந்து சேர்ந்த தகவலுக்குக் 'கிடைத்தது' என்ற மறுமொழியை அதே பாதையில்தான் அனுப்பியாக வேண்டும். அது நமது படங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். மறுமொழி போகாததால் அகன்ற பாதையும் வெறுமனே கிடக்கும். ஒருவர் அனுப்புவதால் அனைவருக்கும் வருவது நின்றுபோகிறது. ஜிம் கெட்டிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 2010 ஆம் ஆண்டில் தமது சொந்த வீட்டு இணைப்பை ஆராய்ந்துதான், இவ்வகை வரிசைத் தேக்கத்தை உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார் என்று அறிந்தபோது, நமக்குச் சிறிது ஆறுதலாக இருந்தது.

அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. அப்படியானால் அந்த மாணவன் ஏன் பதினொரு மணிக்கு விழித்திருந்தான் என்ற வினா எழுந்தது. விடை வெளிப்படையானது. பத்து இருபதுக்குப் பிறகுதான் அவனுக்கு இணைப்பு கிடைத்தது. அவன் கல்லூரிப் பாடங்களின் காணொலிகளைக் கேட்டுக்கொண்டிருந்தான். எதனை அவனுக்கு எதிரான சான்றாக நாம் கொண்டோமோ, அது நமக்கு எதிரான சான்றாக இருந்தது.

முதலில் முதிய குருவிடம் சென்றோம். அவருக்கு அப்போது வயது 79. அவருடைய அக்காள் 84 வயதில், பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தார்கள். அந்த அம்மையாருக்குச் செவிப்புலன் முற்றிலும் போய்விட்டது. வெறும் குரல் அழைப்பால் பயனில்லை. தம்பியின் முகத்தையும் உதட்டையும் திரையில் பார்த்துத்தான் அவர் சொல்வதைப் புரிந்துகொள்வார்கள். நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு இருவரும் பேசுவது வழக்கம். அந்த எட்டு மணியை மூன்று மாதங்களாகக் கெடுத்தவர்கள் நாமே என்று சொல்லி மன்னிப்புக் கேட்கவே சென்றோம்.

அவர் வியப்போடு நம்மை நோக்கினார். "எனக்கு ஒரு குறையும் இல்லையே, தம்பி! தொடக்கத்தில் கொஞ்ச நாள் படம் நின்று நின்று வந்தது. அப்புறம் அந்தப் பையன் தினமும் எட்டு மணிக்கு வந்து, அவனுடைய போனிலிருந்து ஏதோ தொடுத்துக் கொடுக்கிறான். அக்காவின் முகம் தெளிவாகத்தான் தெரிகிறது" என்றார்.

எந்தப் பையன் என்று நாம் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அவனுடைய கைபேசியில் நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. அளவே தரவு உண்டு. அதில் ஒரு பங்கை ஹாட்ஸ்பாட் வழியே ஒரு முதியவருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் தன் படிப்பைப் பார்த்துக்கொண்டான். உணவறையில் நாம் அவனைக் கடிந்துகொண்ட அன்று இரவு எட்டு மணிக்கும் அவன் அங்கே சென்றிருக்கிறான்.

அவன் அறைக்குச் சென்றோம். ஐம்பது வயதைக் கடந்த பங்குத்தந்தை இருபத்தொரு வயது இளைஞனிடம் மன்னிப்புக் கேட்பதற்குச் சொற்கள் எளிதில் வருவதில்லை. எப்படியோ சொல்லி முடித்தோம். அவன் எழுந்து நின்றுகொண்டு, "பரவாயில்லை, சாமி" என்றான். சற்று நேரம் கழித்து, "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றான். அதில் சினம் இல்லை. அதனால்தான் இன்றும் அது நமது செவியில் நிற்கிறது.

வைஃபை எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பின்னர் அவனிடமே கற்றோம். 1971 ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் தீவுகளில் இருந்த கணினிகளை வானொலி அலைகளால் இணைத்தனர். இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் செய்திகள் மோதிச் சிதையும். அப்போது ஒவ்வொருவரும் சிறிது காலம் காத்திருந்து மீண்டும் அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி. 1997 ஆம் ஆண்டில் வெளியான வைஃபை தரம் இன்னும் ஒருபடி சென்றது. ஒவ்வொரு கருவியும் பேசுமுன் செவிமடுக்க வேண்டும். வேறொருவர் பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். நமது பீரோவுக்குப் பின்னால் இருந்த அச்சிறு பெட்டி நொடிதோறும் கடைப்பிடித்த இந்த ஒழுங்கை, அதன் முன்னால் அமர்ந்திருந்த நாம் கடைப்பிடிக்கவில்லை.

குருமடத்தில் இறையியல் பயின்ற நாட்களில், திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை விளக்கிய பேராசிரியர் ஒருவர், நாம் கவனியாத ஒன்றைச் சுட்டிக்காட்டினார். எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்ந்த அந்த முதல் சமூகத்திலும் பங்கீட்டில் குறை வந்தது. கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டனர் என்ற முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் முறையிட்டோரை அதட்டவில்லை. பொறுப்பை எழுவரிடம் ஒப்படைக்கச் செய்தனர். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. அதாவது, குறையை உணர்ந்தவர்களின் பக்கத்திலிருந்தே பங்கிடுவோர் வந்தனர். தேர்வுக்காக அதனைக் குறித்துக்கொண்டோம். அதன் பொருள் விளங்க முப்பது ஆண்டுகள் ஆயின.

அன்று முதல் ரூட்டரின் பொறுப்பும் கடவுச்சொல்லும் அம்மாணவன் கையில். அவன் செய்தவை மிகச் சில. ரூட்டரை நமது அறையிலிருந்து எடுத்து, நடுக்கூடத்தில் உயரமான பலகையின் மேல் வைத்தான்; இரும்புப் பீரோவின் மறைவும் ஒரு சுவரின் தடையும் நீங்கின. பதிவேட்டுப் படங்கள் நள்ளிரவுக்குப் பின் தாமாகவே ஏறும்படி நமது கணினியை அமைத்துத் தந்தான். சமையல் அம்மையாரின் கைபேசிக்கும் கடவுச்சொல் கொடுத்தான். இத்தனை காலமும் அவர்களுக்கு அது இல்லை என்பதையே நாம் அறிந்திருக்கவில்லை. உணவறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டினான். இரவு 8 முதல் 8.30 வரை எவரும் காணொலி திறக்கலாகாது என்பது அதில் இருந்த ஒரே விதி. பழைய கம்பி, பழைய வேகம், பழைய கட்டணம். இருந்தும் இல்லத்தில் முறையீடு நின்றது. கண்ணாடி இழை இணைப்பு அடுத்த ஆண்டின் இறுதியில்தான் வந்தது.

2023 ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் பெங்களூர் அக்காள் இறைவனடி சேர்ந்தார்கள். கடைசி நாளுக்கு முந்திய இரவும் எட்டு மணிக்குத் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உறங்கச் சென்றார்களாம். அடக்கத் திருப்பலி முடிந்து திரும்பிய முதிய குரு நம்மிடம் அதனைச் சொன்னபோது, நமக்கு மறுமொழி கூற இயலவில்லை. அவன் இல்லாதிருந்தால் அந்த ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் அந்த உடன்பிறப்புகளுக்கு வெறும் அசையாத படங்களாகவே கழிந்திருக்கும். அதற்குக் காரணமான நாம் பதிவேடுகளைக் காத்த மனநிறைவோடு உறங்கியிருப்போம்.

அம்மாணவன் இப்போது கோவையில் பணியில் இருக்கிறான். அவன் ஒட்டிய தாள் மங்கிவிட்டது. ஆயினும் அதனை எவரும் கிழிக்கவில்லை.

அன்பு வாசகரே, கூட்டுக் குடும்பமோ, விடுதியோ, துறவற இல்லமோ, நாம் வாழும் இடமெங்கும் பொதுக் கிணறு ஒன்று இருக்கவே செய்கிறது. கிணற்றடியில் வீடு உள்ளவனுக்கு ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் இருப்பது தெரிவதில்லை. தன் வாளி மற்றவற்றினும் பெரியது என்பதும் தெரிவதில்லை. உங்கள் இல்லத்தில் எதுவேனும் ஒன்று எல்லாருக்கும் போதவில்லை என்ற பேச்சு எழுந்தால், யாரையும் கடியுமுன் அந்தப் பெட்டி எவர் அறையில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நமது இல்லத்தில் அது நமது அறையில் இருந்தது.