நீருக்கடியில் ஓர் ஊர், கடலோரத்தில் ஓர் ஊர்



கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் பாதையில் குண்டசாலை, திகன ஆகிய ஊர்களைத் தாண்டி வந்தால் மரங்களுக்கு இடையே ஒரு பெரிய நீர்ப்பரப்பு தெரியும். அதுதான் விக்டோரியா நீர்த்தேக்கம். புதிதாக வருபவர்கள் வாகனத்தை நிறுத்திப் படம் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் தெல்தெனிய மூத்தவர்களோ தண்ணீரின் நடுவே கையை நீட்டி, "அதோ, அந்த இடத்தில்தான் கடைத்தெரு இருந்தது" என்பார்கள்.

ஆம். பழைய தெல்தெனிய நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. மகாவலி கங்கைக்குக் குறுக்கே, பிரிட்டனின் உதவியுடன், 122 மீற்றர் உயரமும் 520 மீற்றர் நீளமும் கொண்ட வில் வடிவ அணை கட்டப்பட்டது. 1985 ஏப்ரலில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவும் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரட் தட்சரும் அதனைத் திறந்து வைத்தார்கள். 210 மெகாவாற் மின்சாரம் நாட்டுக்குக் கிடைத்தது. எங்கள் ஊர் போயிற்று. மேட்டு நிலமான கரல்லியத்தவில் புது நகரம் எழுந்தது. சிலர் அங்கே வந்தார்கள். வேறு சிலர் இரண்டரை ஏக்கர் வயலும் வீட்டுக்கு அரை ஏக்கரும் பெற்றுக்கொண்டு, மலை இறங்கி, மகாவலிக் குடியேற்றங்களுக்குச் சென்றார்கள். கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கட்டடங்களின் அடித்தளங்கள் வெளியே தெரியும். அப்போது குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்து வருவார்கள்.

நான் அப்போது சிறு பிள்ளை. எனக்கு எதுவும் நினைவில்லை. உம்மா சொல்லக் கேட்டதுதான். வீட்டுச் சாமான்களை லொறியில் ஏற்றும்போது அம்மிக்கல்லையும் ஏற்றச் சொல்லி உம்மா பிடிவாதம் பிடித்தாராம். "புது ஊரில் கல் கிடைக்காதா?" என்று வாப்பா கேட்டிருக்கிறார். "கல் கிடைக்கும். பழகின கல் கிடைக்குமா?" என்றாராம் உம்மா. அந்த அம்மி இன்றும் எங்கள் குசினியில் இருக்கிறது.

இந்தக் கதையை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அண்மையில் ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவர்; இன்று இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் பிரான்ஸ் நாட்டின் மார்சேய் நகரில் சமையற்காரராக இருக்கிறார். ஐந்து வருடமாகத் தனியே இருந்தவர், குடும்பத்தை அழைத்துக்கொள்ள அனுமதி பெற்றுவிட்டார். "ஹஸரத், நான் போகவா, உம்மாவோட இங்கேயே இருக்கவா?" என்று அந்தப் பெண் கேட்டார். அவர் கையில் பன்னிரண்டு வயது மகளின் முக்காட்டுப் படம் ஒட்டிய கடவுச்சீட்டு இருந்தது.

ஒரு மௌலவிக்கு இந்த இடத்தில் "போகாதே" என்று சொல்வது மிக எளிது. நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். பிறகு யோசித்தேன், விசாரித்தேன். நான் அறிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கடவுச்சீட்டு மேசையில் கிடக்கலாம்.

மார்சேய் எப்படிப்பட்ட ஊர்?

பிரான்ஸ் என்றால் நம்மவர்களுக்குப் பாரிஸ் நகரமும், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியும்தான் நினைவுக்கு வரும். மார்சேய் வேறு மாதிரி. கிறிஸ்துவுக்கு முன் 600ஆம் ஆண்டளவில் கிரேக்க மாலுமிகள் நிறுவிய துறைமுகம் அது. பிரான்ஸின் மிகப் பழைய நகரம், மக்கள்தொகையில் இரண்டாவது. நமக்கும் அதற்கும் பழைய தொடர்பு உண்டு. ஒரு காலத்தில் மார்சேயில் புறப்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் கப்பல்கள் சுயெஸ் கால்வாயைத் தாண்டி, கொழும்பில் தரித்து, அதன் பிறகே சைகோனுக்குப் போயின. முதலாம் உலகப் போரில், 1914 செப்டம்பரில், பஞ்சாப் முஸ்லிம்கள் உட்பட இந்தியப் படை வீரர்கள் ஐரோப்பிய மண்ணில் முதலில் இறங்கியதும் அந்தத் துறைமுகத்தில்தான்.

அங்கே அல்ஜீரியா, தூனிசியா, மொரோக்கோ நாட்டு முஸ்லிம்கள் ஏராளம். கொமோரோ தீவுகளிலிருந்து வந்தவர்களும் பெருந்தொகையாக இருக்கிறார்கள். நுவாய் என்ற பகுதியின் சந்தையில் மல்லி, சீரகம், மிளகாய், பேரீச்சம்பழம் எல்லாம் குவிந்து கிடக்கும். ஹலால் இறைச்சிக்கு அலைய வேண்டியதில்லை. வெயில் நிறைந்த ஊர். ஆனால் மிஸ்ட்ரால் என்று ஒரு வடகாற்று உண்டு. அது வீசும் நாளில் ஹுன்னஸ்கிரிய மலைக்காற்றே தேவலை என்று தோன்றுமாம்.

மார்க்க விடயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வட ஆபிரிக்கர்கள் பெரும்பாலும் மாலிகி மத்ஹபினர். அவர்களில் பலர் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுவார்கள். அதைக் கண்டு திடுக்கிட வேண்டாம். கொமோரோக்காரர்கள் நம்மைப் போல ஷாபிஈ மத்ஹபினர். ஆகவே நமது சட்டங்களை அறிந்த பெண்கள் அங்கே உண்டு. கோடையில் மஃரிப் இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் வரும். குளிர்காலத்தில் ஐந்து மணி கடந்ததும் வந்துவிடும். இந்தச் சில வருடங்களில் ரமழான் குளிர்காலப் பக்கம் நகர்ந்திருப்பதால் நோன்பு நேரம் குறைவு. இன்னொன்று: குடியேறப் போகிறவர் பிரயாணி அல்லர். போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்க நிய்யத் வைத்தாலே நமது மத்ஹபில் கஸ்ர் சலுகை முடிந்துவிடுகிறது.

பள்ளிவாசல்கள் பெரும்பாலும் சிறியவை. மதத்தையும் அரசையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு எந்த மதத்துக்கும் பணம் கொடுக்காது. ஒரு பெரிய பள்ளிவாசலுக்கு 2010இல் அடிக்கல் நாட்டினார்கள். வழக்குகளாலும் பணத் தட்டுப்பாட்டாலும் 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

கையில் இருக்க வேண்டியவை

பிறப்புச் சான்றிதழும் திருமணப் பதிவுச் சான்றிதழும் முதலில் வேண்டும். அவற்றை அந்நாட்டு நீதிமன்றம் ஏற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு பிரெஞ்சில் மாற்றிக்கொள்ள வேண்டும். நீண்டகால விசாவில் போனவர் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதை உறுதி செய்துகொள்ள வேண்டும். "நிகாஹ் நடந்ததுதானே, பதிவு எதற்கு?" என்று இருந்துவிடும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் உண்டு. அந்தப் பதிவில்லாத பெண், சட்டத்தின் கண்ணில் அங்கே மனைவியே அல்லள். அந்நாட்டில் திருமணம் செய்பவர்களுக்கும் நகரசபையில் பதிவு முடிந்த பிறகே நிகாஹ். முந்தி ஓதி வைக்கும் இமாம் சட்டப்படி குற்றவாளி ஆகலாம்.

வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் பார்க்க வேண்டாம். 2018 நவம்பர் 5ஆம் திகதி, நான் சொன்ன அதே நுவாய் பகுதியில் இரண்டு பழைய கட்டடங்கள் இடிந்து விழுந்து எட்டுப் பேர் மரணமானார்கள். சுவரில் வெடிப்பு இருந்தால், கதவு சரியாக மூடாவிட்டால், எவ்வளவு மலிவானாலும் அந்த வீடு வேண்டாம். ஆபத்துக்கு அழைக்கும் எண் 112. வீட்டுக்குள் கொடுமைக்கு ஆளாகும் பெண்களுக்கு 3919 என்ற இலவச எண் உண்டு. இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. அந்நிய நாட்டில் உம்மா, சாச்சி, மாமி ஒருவரும் பக்கத்தில் இல்லாத பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மொழியைப் படியுங்கள். கணவர் பேசுவார், பிள்ளைகள் பேசுவார்கள் என்று இருந்துவிடாதீர்கள். வைத்தியரிடம் உங்கள் நோவை நீங்களே சொல்ல வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கச் சொன்னார்கள். அவர் அரை மாதத்துக்குள் கற்றுக்கொண்டார். பிற மொழி கற்பது ஸுன்னாவுக்கு அந்நியமல்ல.

அந்த முக்காடு

இனி, அந்தத் தாயின் நெஞ்சை அழுத்திய விடயத்துக்கு வருகிறேன். பிரான்ஸில் மூன்று வயது முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசாங்கப் பாடசாலையில் மாணவிகள் முக்காடு அணிய முடியாது. 2023 முதல் அபாயாவும் அங்கே தடை. வீதியில், கடையில், பல்கலைக்கழகத்தில் முக்காட்டுக்குத் தடையில்லை. ஆனால் பொது இடங்களில் முகத்தை மூடுவது 2011 முதல் தடை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் நம் நாட்டிலும் முகத்திரைக்குத் தடை வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2004ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் பாடசாலைகளைக் கட்டுப்படுத்தாது. முஸ்லிம்கள் நடத்தும் பாடசாலைகளும் சில உண்டு. ஆயினும் இடம் குறைவு, கட்டணம் உண்டு. வீட்டிலேயே கற்பிக்க இப்போது முன்அனுமதி வேண்டும்.

"மகளிடம் இதையெல்லாம் சொன்னீர்களா?" என்று கேட்டேன். தாய் தலை குனிந்தார். சொல்லவில்லை. விமானம் ஏறிய பிறகு சொல்லலாம் என்று நினைத்திருக்கிறார்.

மறுநாள் மகளையும் அழைத்து வரச் சொன்னேன். உள்ளதை உள்ளபடி சொன்னோம். பிள்ளை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கழட்டச் சொன்னா அழுவேன் ஹஸரத். ஆனா வாப்பாவோட இருக்க ஏலும்தானே" என்றது. அந்தப் பதிலுக்குப் பின் "போகாதே" என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. தனியார் பாடசாலையில் இடம் தேடும்படி தகப்பனுக்குச் சொல்லி அனுப்பினோம். கிடைக்காவிட்டால் வாசலில் கழற்றி, வாசலில் அணிவது என்று பிள்ளையே சொன்னது. இதை நான் பொதுவான மார்க்கத் தீர்ப்பாக எழுதவில்லை. உங்கள் ஊர் உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் பிள்ளைக்கு மறைத்து எதையும் செய்யாதீர்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

ஏன் போகிறோம்?

போவதற்குப் பயம் மட்டும் காரணமாக இருக்கக்கூடாது. 2018 பெப்ரவரியில் எங்கள் தெல்தெனியவில் சிங்கள லொறிச் சாரதி ஒருவர் நம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்டு, மார்ச் ஆரம்பத்தில் இறந்தார். அதைத் தொடர்ந்து மார்ச் 5ஆம் திகதி திகனயில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞரின் உயிர் போயிற்று. மறுநாள் நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அந்த இரண்டு தாய்மாரின் துக்கமும் ஒரே துக்கம்தான். அந்த வாரத்தில் 'எங்காவது போய்விடுவோம்' என்று நினைக்காதவர் இங்கே குறைவு. ஆனால் பயந்து போகிறவர் பயத்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறார். குடும்பம் ஒன்றுசேர, பிள்ளைகளுக்குத் தகப்பன் கிடைக்க என்று போகிறவரின் பெட்டி இலேசானது.

உம்மு ஸலமா (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். அபிசீனியாவுக்கு, ஒரு கிறிஸ்தவ அரசரின் நாட்டுக்கு, கணவருடன் ஹிஜ்ரத் போனவர். பின்பு மதீனாவுக்குப் புறப்பட்டபோது கணவரையும் குழந்தையையும் அவரிடமிருந்து பிரித்துவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் அழுதார். விடுதலை கிடைத்தபோது அவரைப் பாதுகாப்பாக வழி கொண்டுபோய்ச் சேர்த்தவர் உஸ்மான் இப்னு தல்ஹா. அவர் அப்போது இஸ்லாத்தைத் தழுவியிருக்கவில்லை. அல்லாஹ் நாடினால் நல்ல துணை எந்த வாசலிலிருந்தும் வரும்.

அந்தப் பெண்ணின் உம்மா போகவில்லை. "என்ட மையத்து இந்த மண்ணிலதான்" என்று சொல்லிவிட்டார். அவரைத் தம்பி வீட்டில் விட்டு, மாதச் செலவும் மருந்துச் செலவும் யார் பொறுப்பு என்று எழுதி வைத்த பிறகே மகள் புறப்பட்டார். இதைச் செய்யாமல் யாரும் விமானம் ஏற வேண்டாம்.

புறப்படும் அன்று கிப்லாவைக் காட்டிக் கொடுத்தேன். தெல்தெனியவில் நாம் மேற்கே சற்று வடக்குச் சாய்ந்து தொழுகிறோம். மார்சேயில் கிழக்கே சற்றுத் தெற்குச் சாய்ந்து தொழ வேண்டும். அங்கே மகளும் இங்கே உம்மாவும் கஃபாவை முன்னோக்கினால் ஒருவரை ஒருவர் முன்னோக்கியே நிற்கிறார்கள். இதைக் கேட்ட அந்த மூதாட்டி முதல் தடவையாகச் சிரித்தார்.

பிரிந்திருக்கும் எல்லாக் குடும்பங்களையும் அல்லாஹ் நலமாக ஒன்றுசேர்த்து வைப்பானாக. ஆமீன்.