கோவையில் ஒரு நூல்... நேரான கார்!

கோவை செட்டிபாளையத்தில், ரேஸ் கார் வடிவமைப்பாளர் எஸ்.கரிவர்தன் பெயரில் 2003 முதல் இயங்குகிறது கரி மோட்டார் ஸ்பீட்வே. வீட்டு ஷெட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டிய அண்ணா ஒருவரை அங்கே சந்தித்தேன்.

பிரேக் அடித்ததும் காரின் பின்பக்கம் ஆடியது. வளைவில் சுழன்று நின்றது.

"பின்சக்கரங்களோட முன்விளிம்பு லேசா வெளியே திரும்பியிருக்கு" என்றவர், காரின் இருபுறமும் இணையாக நூல் கட்டினார். நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்தார். லாக் நட்டைத் தளர்த்தி, சஸ்பென்ஷன் ராடைத் திருகி, சக்கரங்களைச் சற்றே உள்நோக்கித் திருப்பினார். மாற்றம் சில மில்லிமீட்டர்தான்.

அடுத்த ரவுண்டில், அதே வளைவில் கார் ஆடவில்லை.

"இப்ப நான் ஏறட்டுமா கண்ணு?" ஹெல்மெட்டோடு காத்திருந்தார் அவர் அப்பா.

"ஒரு நிமிஷம் இருங்கப்பா!" மறுபடியும் லாக் நட்டை இறுக்கிப் பார்த்தார் அண்ணா.