மூட்டையும் முழங்காலும்

போன ஆடியில ஒரு நாளுங்க. வண்டியில வந்த டிஏபி மூட்டை கட்டுத்தரை ஓரமாக் கெடந்துச்சு. 50 கிலோ. முப்பது வருசமாத் தூக்கற கனம்தான். குனிஞ்சு ரெண்டு காதையும் புடிச்சு இழுத்தேன். இடுப்புல சுருக்குனு ஒரு புடிப்பு. நிமிர முடியலை. வீட்டுக்காரம்மாதான் கைத்தாங்கலாக் கூட்டிப்போயிக் கயித்துக்கட்டில்ல படுக்க வெச்சா. பத்து நாள் படுக்கை.

வலியை விட பயந்தான் பெருசுங்க. ரெண்டு ஏக்கர் தோட்டம், நாலு மாடு. எல்லாத்துக்கும் ஆள் வெச்சா இந்தப் பண்ணயம் கட்டுமா?

டாக்டர் பார்த்துட்டு தசைப்பிடிப்புதான், வலி கொறஞ்சதும் கொஞ்சங்கொஞ்சமா வேலை செய்யுங்கன்னார். அப்பத்தான் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போற அக்கா பையன் வந்தான். ஜிம்முக்குப் போற பையன்.

"மாமா, தரையில இருந்து கனத்தைக் கெளப்பறது காலுங்க, முதுகு இல்லீங்க. டெட்லிஃப்ட் ஏறோணும்னா ஸ்குவாட் பண்ணோணும்."

ஸ்குவாட்னா என்னன்னு பார்த்தா, குத்த வெச்சு உக்காந்து எந்திரிக்கறதுதான்! சிரிச்சுட்டேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். பால் பீச்ச மெசின் வந்துருச்சு. சாப்பாடு டேபிள்ல. கக்கூசும் நாற்காலி மாதிரி ஆயிப்போச்சு. களையெடுக்கக் கூலியாளுங்க. நான் கடைசியாக் குத்த வெச்சு உக்காந்தது எப்பன்னே நெனப்பு வரலை.

மாப்ள மூணு விதம் சொல்லிக் குடுத்தான். முதல்ல திண்ணையில உக்காந்து, கையை ஊனாம எந்திரிக்கறது. ரெண்டாவது, பத்துக் கிலோ விதைப்பையை நெஞ்சோட அணைச்சுட்டு உக்காந்து எந்திரிக்கறது. கனம் முன்னால இருக்கறதால நெஞ்சு தானா நிமிருது. மூணாவது, அடியில உக்காந்து மூணு எண்ணிட்டு எந்திரிக்கறது. இதுலதான் தொடை நடுங்குச்சு. தரையில கெடக்கற கனம் அசையறப்ப வேணுங்கற பலம் அந்த எடத்துலதான் வருதுன்னான்.

தெக்க திருநெல்வேலிப் பக்கம் வடலிவிளையில பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கறாங்களே, அவங்களும் குனிஞ்சு இழுக்கறதில்லை. கல்லுக்கிட்டக் குந்தி, அணைச்சு, முழங்காலுக்கு ஏத்தி, அப்புறம் நெஞ்சுக்கு, தோளுக்குன்னு ஏத்தறாங்க. நம்ம பாட்டன்மாருக்குத் தெரிஞ்ச சங்கதிதான், நாமதான் விட்டுட்டோம்.

மூணு மாசம் வாரத்துக்கு மூணு நாள் பண்ணுனேன். இப்ப யூரியா மூட்டை 45 கிலோதான் வருது, அதை ஒத்தையாத் தூக்கறேன். மூட்டையை ஒடம்போட ஒட்ட வெச்சு, காலால தரையை அமுக்கித் தூக்கறேன். டிஏபிக்கு இன்னும் ஒரு கை கூப்படறேன். அதுல வெக்கம் இல்லைங்க.

நான் பண்றதை வீட்டுக்காரம்மா பார்த்துட்டு, "இதை நானு களை புடுங்கறப்ப தெனமும் பண்றேனே, எனக்கு யாரும் பேரு வெக்கலையே"ங்கறா. பதில் சொல்ல முடியலை.

டவுன்ல இருக்கறவங்க, வலி இருந்தா முதல்ல டாக்டரைப் பாருங்க. இல்லைன்னா, ஒரு நாளைக்கு ஒருக்காவாவது தரையில உக்காந்து எந்திரிங்க. சரிங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டோணும், வரட்டுங்களா.